முள் நின்றால் வேகம் நிற்குமா?

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1998-ம் வருஷத்து வண்டி. அந்த வகைக் கார் 1983 டிசம்பரில் முதன்முதலாக ரோட்டுக்கு வந்தது. 2014-ல் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் எங்கள் கும்பகோணத்துத் தெருக்களில் இன்னும் சில கண்ணில் படத்தான் செய்கின்றன. எங்களுடையது, என் மாமனார் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியராக இருந்தபோது கடன் போட்டு வாங்கியது. என் கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்தில் இரண்டு தடவைதான் வருவார். அதனால் வண்டி பெரும்பாலும் மாமா கையில் ஓடும். அவசரத்துக்கு நான் எடுப்பேன். மாமாவுக்கு இப்போது 74 வயது.

போன ஐப்பசியில் அந்த வண்டியின் ஸ்பீடாமீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. 20-க்கும் 60-க்கும் நடுவே சாமி வந்த மாதிரி ஒரு ஆட்டம். கூடவே டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொல்வதுபோல 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் சத்தமும் நின்றது, ஆட்டமும் நின்றது. முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டுவிட்டது.

"அப்பாடி, அந்த நச்சு சத்தம் ஒழிஞ்சுது" என்றார் அத்தை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், அன்றைக்கு மீட்டரில் இருந்த கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வைப்பேன். காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று எழுதுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். கார்த்திகை முதல் வாரம் எழுதியது 84,316. அடுத்த முறை பெட்ரோல் போட்டபோதும் 84,316. அதற்கடுத்த முறையும் அதே எண். ஆக, நின்றது முள் மட்டும் இல்லை, கிலோமீட்டர் எண்ணும் சக்கரமும் சேர்ந்தேதான் நின்றிருக்கிறது. இந்த ஒரு விஷயம் பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா, முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தேன். பையன் பொய் சொல்றான்னா குரல்லயே கண்டுபிடிச்சுடுவேன். எஞ்சின் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதா? காது போதும்மா."

அவர் சொன்னதில் என்னைச் சங்கடப்படுத்தியது அந்தக் கடைசி வார்த்தைதான். ஏனென்றால் சில மாதங்களாகவே வீட்டில் டி.வி. சத்தம் ஒவ்வொரு புள்ளியாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. குக்கர் விசில் அவருக்குக் கேட்பதில்லை. பாப்பா கூப்பிட்டால், "முணுமுணுக்காதே, வாயைத் திறந்து பேசு" என்பார். பாப்பாவுக்கு ஏழு வயது. அவள் பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்!

தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது மாமாதான். ஒருநாள் அவள் ஷூ லேஸைக் கட்டிவிடும்போது, "அம்மா, தாத்தா கார் இப்பல்லாம் பறக்குதும்மா. கடையெல்லாம் சர்ரு சர்ருன்னு போகுது" என்றாள். அவளுக்கு அதில் ஒரே குஷி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெற்ற மகள் என்றால், "அப்பா, உங்களுக்குக் காது மந்தம், வண்டியை வேகமா ஓட்டறீங்க" என்று பட்டென்று சொல்லிவிடலாம். மருமகள் சொன்னால் அந்த வார்த்தை வீட்டுக்குள் வேறு உருவம் எடுக்கும். இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணவரிடம் போனில் சொன்னபோது, "போனையே கண்ணாடிக்கு முன்னால ஒட்டி வச்சா வேகம் காட்டுமே" என்றார். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "போனைப் பார்த்துக்கிட்டு இருந்தா ரோடை யார்டா பார்க்கறது?" அதுவும் நியாயம்தான்.

சரி, முள்ளையாவது எழுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மீட்டரே போச்சும்மா. இந்த வண்டிக்குப் புதுசு கிடைக்கறது கஷ்டம். பழைய மார்க்கெட்ல தேடிப் போட்டுத் தரேன், நாலாயிரம் ஆகும்" என்றார். பழைய மார்க்கெட் மீட்டர் என்றால் அதில் வேறு ஏதோ வண்டி ஓடிய கிலோமீட்டர் இருக்கும். நம் வண்டியின் ஜாதகத்தை எடுத்துவிட்டு யாரோ ஒருவருடைய ஜாதகத்தை வைத்துக்கொள்வது மாதிரி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "வித்துத் தொலைச்சுடலாமே" என்றார். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போதுதான் நான், "மாமா, இந்த மீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்களேன். தெரிஞ்சா நாமே பார்த்துடலாம்" என்று கேட்டேன். வாத்தியாரிடம் பாடம் கேட்டால் போதாதா! அரை மணி நேரம் கூடத்தில் வகுப்பே நடந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

பழைய கார்களில் கியர் பெட்டியில் ஒரு சின்னப் பற்சக்கரம், சக்கரம் உருளும் வேகத்துக்கு ஏற்பச் சுற்றும். அதோடு ஒரு நீளமான கம்பிக் கயிறு இணைந்திருக்கும். இதுதான் மீட்டர் கேபிள். மேலே தெரியும் கறுப்புக் குழாய் அவுட்டர், அது அசையாது. உள்ளே இருப்பது இன்னர். மெல்லிய எஃகுக் கம்பிகளை ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமாகவும் முறுக்கிச் செய்தது. வளையும், ஆனால் சுற்றும்போது முறுக்கு பிரியாது. ஜப்பான் நாட்டுத் தர முறையில், வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்த இன்னர் நிமிஷத்துக்கு 637 முறை சுற்ற வேண்டுமாம். அதாவது கிலோமீட்டருக்கு 637 சுற்று.

இன்னரின் மேல் முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைக் கவிழ்த்து மூடியதுபோல ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கிறது. கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும், முள் ஏறும். 1902-ல் ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்துக் கார்களில் எல்லாம் இதே வித்தைதான். இப்போது வரும் கார்களில் கேபிளே கிடையாது. சென்சார் மின்சாரத் துடிப்பாகச் சேதி அனுப்பிவிடுகிறது. அவற்றில் கோளாறு என்றால் நான் சொல்லப்போகிற வைத்தியம் பலிக்காது.

கிலோமீட்டர் எண்ணும் சக்கரங்கள் மட்டும் காந்தத்தை நம்பி இல்லை. அதே இன்னரின் சுற்றைப் பல்லோடு பல் பொருந்திய சக்கரங்கள் வழியாக நேரடியாக வாங்கிக்கொள்கின்றன.

இது புரிந்ததும் என் கணக்கு நோட்டு பேச ஆரம்பித்துவிட்டது. முள் மட்டும் நின்று கிலோமீட்டர் ஓடினால் கோளாறு மீட்டருக்குள், அந்தக் கிண்ணம், சுருள்வில் பக்கம். கிலோமீட்டர் மட்டும் நின்று முள் சரியாக இருந்தால் எண் சக்கரத்தின் பிளாஸ்டிக் பல் போயிருக்கும். இரண்டும் ஒரே நாளில் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான கேபிள். ஒன்று அறுந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும், அல்லது கியர் பெட்டிப் பக்கம் பல் தேய்ந்திருக்கும். நிற்பதற்கு முன்னால் முள் ஆடியதும், டிக் டிக் சத்தமும் கேபிள் உலர்ந்துபோனதற்கு அடையாளம். கிரீஸ் இல்லாத இன்னர் ஒரு இடத்தில் சிக்கி முறுக்கேறும். பிறகு சட்டென்று விடுபட்டுச் சுற்றும். அதனால்தான் முள் துள்ளுகிறது.

"அப்போ மீட்டர் செத்ததுன்னு அவன் எப்படிச் சொன்னான்?" என்றார் மாமா. அவர் குரலில் பழைய வாத்தியார் வந்துவிட்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தம்பி டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறார். பைக் மீட்டரும் கேபிளில் ஓடுகிற வகையை அவர் எத்தனையோ பார்த்தவர். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டோம்.

முதல் வேலையாக பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். மீட்டருக்குப் பின்னால் விளக்கு ஒயர்கள் இருப்பதால் இது கட்டாயம். பிறகு மீட்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளை எடுத்தார். திருகுகளைப் போட நான் ஒரு ஊறுகாய்க் கிண்ணம் கொண்டுபோய் வைத்தேன்; எது எங்கிருந்து எடுத்தது என்று ஒரு காகிதத்தில் பாப்பா படம் போட்டு வைத்தாள். மீட்டரை லேசாக முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் கையை விட்டு கேபிளைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் மரை உள்ள வளையம் இருக்கும். சில வண்டிகளில் அழுத்தி இழுக்கிற பிளாஸ்டிக் கொக்கி. பலம் காட்டினால் கொக்கி உடையும். பழைய பிளாஸ்டிக், வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி.

தம்பி இன்னரின் முனையைப் பிடித்து இழுத்தார். முக்கால் மீட்டர் நீளம் சர்ரென்று கையோடு வந்துவிட்டது. முனையில் துருவேறி, துடைப்பக்குச்சி போலக் கம்பிகள் பிரிந்து நின்றன. மீதித் துண்டு கியர் பெட்டிப் பக்கமிருந்து வந்தது. அறுந்த இடத்துக்கு நேராக அவுட்டரைப் பார்த்தால், அங்கே முழங்கை மடக்கிய மாதிரி ஒரு மடிப்பு. முன்பு ஒருமுறை பாட்டுப் பெட்டி மாற்றியபோது கேபிளைத் திணித்து மடக்கி விட்டிருக்கிறார்கள். இந்தக் கேபிள் எங்கே வளைந்தாலும் பெரிய சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு மாதிரி தாராளமாக வளைய வேண்டும். வளைவின் ஆரம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

புதுக் கேபிள் வாங்கப் புறப்பட்ட தம்பியை மாமா நிறுத்தினார். "இரு, முதல்ல மீட்டர் சுத்துதான்னு பார்ப்போம்."

இது முக்கியமான இடம். மீட்டருக்குள்ளே இறுகிப் போயிருந்தால் புதுக் கேபிளும் அன்றைக்கே அறுந்துவிடும். அறுந்த இன்னரின் மேல் துண்டில் சதுர முனை நன்றாகத்தான் இருந்தது. அதை மீட்டரின் சதுரத் துளையில் செருகி மாமா விரலால் உருட்டினார். ஒரு பக்கம் உருட்டியபோது ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் வேகமாக உருட்டினார். முள் மெல்ல எழுந்து பத்தைத் தொட்டு இறங்கியது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினார் மாமா. பாப்பா கை தட்டினாள். நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவுட்டரும் மடிந்திருந்ததால் இன்னரை மட்டும் மாற்றாமல் முழுக் கேபிளாகவே வாங்கினோம். 300 ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்குப் போகும்போது பழைய கேபிளைக் கையில் எடுத்துப் போவது நல்லது. நீளமும் முனையும் கொஞ்சம் மாறினாலும் உதவாது.

கிரீஸ் போடுவதில்தான் அத்தைக்கும் தம்பிக்கும் ஒரு வாக்குவாதம். "தேங்காயெண்ணெய் போட்டா வழவழன்னு போகுமே" என்றார் அத்தை. மார்கழியில் பாட்டிலில் தேங்காயெண்ணெய் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். கேபிளுக்குள் உறைந்தால் கேட்கவே வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் விடலாம் என்று நான் நினைத்தேன். அது ரொம்ப நீர்த்தது, கீழே வழிந்துவிடும் என்றார் தம்பி. மெல்லிய கிரீஸை இன்னரின் கீழ்ப்பகுதி மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் தடவி, மேல் பங்கை உலர்வாக விட்டார். மேல்வரை தடவினால் சுற்றச் சுற்ற கிரீஸ் திருகாணி மாதிரி ஏறி மீட்டருக்குள் போய்விடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கிரீஸ் புகுந்தால், வண்டி தெருவுக்குள் ஊர்ந்தாலும் முள் உச்சியில் போய் நிற்கும்.

கீழ்முனையைக் கியர் பெட்டியில் பொருத்திவிட்டு, மேல்முனையைப் பொருத்தும் முன்னால் இன்னொரு சோதனை. வண்டியை நியூட்ரலில் போட்டு, வாசலிலிருந்து வேப்பமரம் வரை 15 அடி தூரம் தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து இன்னரின் முனையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. "கிலோமீட்டருக்கு 637-ன்னா பதினஞ்சு அடிக்கு மூணு. சரியா இருக்கு" என்றார் மாமா மனக்கணக்காக. கியர் பெட்டிப் பல்லும் நன்றாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

மீட்டர் ஓடினால் போதுமா, உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இதில் மாமாதான் பிடிவாதமாக இருந்தார். "அளவு கருவின்னா முதல்ல கருவியை அளக்கணும்" என்றார். அன்று சாயந்திரம் தஞ்சாவூர் ரோட்டில், பாபநாசம் பக்கம் கூட்டமில்லாத இடமாகப் பார்த்துப் போனோம். நான் ஓட்டினேன். மாமா பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு. பாப்பா பின்னால், மைல் கல்லைப் பார்த்துக் கூவும் உத்தியோகம். (கிலோமீட்டர் கல்லை எங்கள் வீட்டில் இன்னும் மைல் கல் என்றுதான் சொல்கிறோம்.) இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் இருக்கும், அவற்றை எண்ணிக் குழம்பக் கூடாது.

கணக்கு சுலபம். 60-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 60 விநாடி. 40-ல் போனால் 90 விநாடி. முள்ளை 60-லேயே நிறுத்தி ஓட்டியபோது கடிகாரம் 63 விநாடி காட்டியது. அதாவது உண்மை வேகம் 57. முள்ளை 40-ல் வைத்தபோது 94 விநாடி, உண்மை வேகம் 38. பொதுவாக ஸ்பீடாமீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைப்பது வழக்கம். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. டயரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறும். எங்கள் வண்டியில் 145/70 அளவு, 12 அங்குல டயர். யாராவது 145/80 போட்டுவிட்டால் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். மீட்டரும் அதே அளவுக்குக் குறைத்துச் சொல்லும்.

"மீட்டர் யோக்கியம்தான்" என்று சொல்லி மாமா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "திரும்பும்போது நான் ஓட்டறேன்."

தாராசுரம் நெருங்கும்போது அவருக்கு உற்சாகம் பொங்கியது. "பாப்பா, இப்ப தாத்தா முள்ளைப் பார்க்காமலே சொல்றேன் பாரு. ரோடை மட்டும்தான் பார்க்கறேன். இப்ப நாப்பது. சரியா?"

பாப்பா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். "இல்லை தாத்தா, அறுபத்தி ரெண்டு!"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமா காலை எடுத்தார். கொஞ்ச தூரம் பேச்சே இல்லை. பிறகு அவரே, "இப்ப முப்பது" என்றார். பாப்பா, "நாப்பத்தஞ்சு" என்றாள். இன்னொரு தடவை, "இப்ப நாப்பது." "அம்பத்தெட்டு தாத்தா."

கடைத்தெருவுக்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு தடவையும் ஒரே பக்கமாத் தப்பு" என்றார் மெதுவாக. "மீட்டரைச் சொல்ல முடியாது. அதை நானே அளந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, குக்கர் விசில் நிஜமாவே அடிக்குதா?" என்றார்.

"அடிக்குது மாமா" என்றேன். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாம் வேகத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. எஞ்சின் இரைச்சல், காற்றின் ஓசை, டயர் ரோட்டில் உரசும் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் இவ்வளவு வேகம் என்று மனசு ஒரு கணக்குப் போடுகிறது. சத்தம் குறைந்து கேட்டால் மெதுவாகப் போவதாகத் தோன்றும். பழகின வேகமே ஓசை குறைந்து கேட்கும்போது, பழைய ஓசை வரும்வரை கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். வயசாவதால் வரும் செவிக்குறைவு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் போகும்: விசில், பறவைச் சத்தம், குழந்தைக் குரல். பேசுவது கேட்கும், என்ன வார்த்தை என்று பிடிபடாது. அதனால்தான் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நாம் அதைப் பிடிவாதம், வயசான கோபம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

40-க்கும் 60-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மாமாவே பிறகு ஒருநாள் பாப்பாவின் சிலேட்டில் போட்டுக் காட்டினார். 40-ல் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60-ல் போவது ஏறக்குறைய 17 மீட்டர். குழந்தை ஒன்று குறுக்கே ஓடுவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடும். அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம், வேகம் ஒன்றரை மடங்கானால் இரண்டே கால் மடங்காகிறது. பள்ளிக்கூட வாசலில் அந்தத் தூரம் யாருக்கும் கிடைக்காது.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். "முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்ப்போம்" என்றார் அவர். கொஞ்சம் இருந்தது, எடுத்தார். பிறகு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்க வைத்துப் படம் எடுத்தார்கள். வலியும் இல்லை, ஊசியும் இல்லை. அந்தக் கோடு, தாழ்ந்த ஒலிகளில் ஒழுங்காகப் போய், உயர்ந்த ஒலிப் பக்கம் மாடிப்படி போல இறங்கியிருந்தது. மாமா அந்தக் காகிதத்தை வாங்கி, பரீட்சைத்தாள் திருத்துவதுபோல் வெகுநேரம் பார்த்தார். வேகத்தைத் தப்பாகச் சொன்னதற்குக் காது மட்டுமே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. பழக்கமும் உண்டு, வயசும் உண்டு என்றார். இப்போது காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். முதல் பதினைந்து நாள் தட்டுச் சத்தம்கூட இடிபோல் கேட்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது பழகிவிட்டது.

வண்டி ஓட்டுவதை அவர் விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. 74 வயதில் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது என்பது லேசான காரியமா? 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். "அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்" என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. பகலில், ஊருக்குள் மட்டும் அவர் ஓட்டுவார். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது முள் 30-ஐத் தாண்டினால், "தாத்தா" என்று ஒரு குரல் கொடுக்கும் அதிகாரம் பாப்பாவுக்கு. இப்போது அந்தக் குரல் அவருக்கு நன்றாகவே கேட்கிறது.

ஓடாமல் விட்டுப்போன கிலோமீட்டர் எவ்வளவு என்று அவருக்கு ஒரே அரிப்பு. என் கணக்கு நோட்டை வாங்கி, முள் படுத்திருந்த நாட்களில் போட்ட பெட்ரோலைக் கூட்டினார். 46 லிட்டர். வண்டி லிட்டருக்கு 17 கொடுக்கும். 782 கிலோமீட்டர் என்று சிவப்பு மையில் எழுதி, 'மதிப்பீடு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டார். அந்தக் கணக்குப்படி எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய தேதி தாண்டியிருந்தது. மறுநாளே மாற்றினோம்.

அறுந்த பழைய இன்னரைக் குப்பையில் போட அத்தை விடவில்லை. நல்ல நீளமான துண்டைத் துடைத்து எடுத்து, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அங்கணக் குழாய் அடைத்துக்கொண்டால் அதைவிட நல்ல சாமான் கிடையாது என்கிறார். உள்ளே விட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றினால், எந்த வளைவிலும் நெளிந்து போய் முடியும் சோற்றுப் பருக்கையும் தானாக வெளியே வந்துவிடுகின்றன.